குப்பை யார் வீட்டுப் பக்கம் போகுது? சுற்றுச்சூழல் அநீதியை நாடகமாவும் ஓவியமாவும் எடுத்துப் பேசறது எப்படி

சுற்றுச்சூழல் பத்தி ஒரு நாடகம் போடலாம்னு யாராவது கெளம்பினா முதல்ல வர்ற ஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒருத்தர் மரமா நிப்பாரு, ஒருத்தர் கோடாலியோட வருவாரு, கடைசியில எல்லாரும் கை கோத்துகிட்டு பூமியைக் காப்போம்னு கோஷம் போட்டு முடிச்சிடுவாங்க. நல்ல மனசோட பண்றதுதான், ஆனா "நாம எல்லாரும் சேந்துதான் பூமியைக் கெடுத்துட்டோம்"னு சொன்ன உடனே யாரு கெடுத்தாங்க, யாரு அனுபவிக்கறாங்க, யாரு முடிவு பண்ணாங்கங்கற கேள்வி அங்கேயே செத்துப் போயிடுது. ஆலைக்குப் பக்கத்துல புகையில தூங்கற குழந்தையும் அந்த ஆலையோட முதலாளியும் ஒரே "நாம"ல அடங்கிடறாங்க. நாடகம் போட்டோ படம் வரைஞ்சோ ஏதாவது பிரயோஜனம் இருக்கணும்னா அந்த "நாம"வை முதல்ல பிரிச்சுப் பாக்கணும். நான் சொல்லப்போற எல்லாமே அதைச் சுத்திதான்.

ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லிடறேன், சுற்றுச்சூழல் நீதி இயக்கம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியணும்ல. 1982ல அமெரிக்காவுல வட கரோலினா மாநிலத்துல வாரன் கவுண்டிங்கற இடத்துல பிசிபிங்கற நச்சு ரசாயனம் கலந்த மண்ணைக் கொண்டுவந்து புதைக்க ஒரு கிடங்கு அமைச்சாங்க. அங்க இருந்தவங்க பெரும்பாலும் கறுப்பின மக்கள், வசதி இல்லாதவங்க. லாரி வர்ற ரோட்டுல ஜனங்க படுத்து மறிச்சாங்க, 500 பேருக்கு மேல கைது பண்ணாங்க, இருந்தும் மண்ணு அங்கதான் வந்து சேந்துச்சு. அப்புறம் 1987ல ஐக்கிய கிறிஸ்து சபையோட இன நீதி ஆணையம் நாடு முழுக்க ஆராய்ஞ்சு ஒரு அறிக்கை விட்டுச்சு, நச்சுக் கழிவுக் கிடங்கு எங்க வருதுங்கறதுக்கு வருமானத்தை விட அங்க வாழறவங்களோட இனம்தான் பலமா ஒத்துப் போகுதுன்னு அதுல காட்டினாங்க.

இந்த மாதிரி கணக்கை அறிக்கை நல்லாவே சொல்லிடும், அதுக்கு நாடகம் தேவையில்ல. அறிக்கையால காட்ட முடியாதது என்னன்னா, அந்த முடிவு எடுத்த ரூம்ல யாரு உக்காந்திருந்தா, யாரு வெளிய நின்னா, உள்ள போன ஒரு அம்மா வாயைத் திறந்தப்ப அவங்களை எப்படி அடக்குனாங்கங்கறது. அதைக் காட்ட உடம்பும் குரலும் வேணும். அங்கதான் நாடகத்துக்கு வேலை.

பிரச்சனையைச் சின்னதாக்குங்க

காத்து மாசு, காலநிலை மாற்றம்னு மலையளவு தலைப்பை எடுக்காதீங்க. "ராத்திரி 2 மணிக்கு லாரி வந்து எங்க தெரு முனையில கொட்டிட்டுப் போகுது" அளவுக்கு இறக்கணும். ஒரு பிரச்சனை நாடகத்துக்கு ஆகுமா ஆகாதான்னு பாக்க நான் வச்சிருக்கற சோதனை ரொம்ப சிம்பிள்: இதுல ஒரு ஆள் இன்னொரு ஆள் கிட்ட ஒண்ணு கேட்டு, கேட்டது கிடைக்காம திரும்பற ஒரு தருணம் இருக்கா? இருந்தா நாடகம் ஆகும். இல்லன்னா அது சொற்பொழிவு, இல்ல ஒரு போஸ்டர், அதுக்கு நடிகருங்க வேண்டாம்.

அந்தப் பிரச்சனை யாருக்கு நடக்குதோ அவங்க குழுவுல இருக்கணும், இது ரொம்ப முக்கியம். வெளியிலேர்ந்து போற கலைஞர்கள் நாலு பேர் உக்காந்து எழுதி, பாதிக்கப்பட்டவங்க முன்னாடியே போய் அவங்க கதையை நடிச்சுக் காட்டறது வேண்டாம். அவங்களுக்கு அதுல புதுசா ஒண்ணும் கிடைக்காது, அவங்க வலியை வச்சு நமக்குக் கைத்தட்டல் கிடைக்கும், அவ்வளவுதான்.

மேப்லேர்ந்து ஆரம்பிங்க

ரிஹர்சலுக்கு முன்னாடி மொத்தக் குழுவும் சேந்து ஒரு மேப் வரையணும். சார்ட் பேப்பர் பத்துப் பன்னெண்டை ஒட்டி தரையில விரிச்சுடுங்க, இல்ல பழைய பேனரோட வெள்ளைப் பக்கத்தை எடுத்துக்கோங்க. மேஜை மேல போடாதீங்க, மேஜைன்னா படிச்சவங்களும் நல்லா வரையத் தெரிஞ்சவங்களும் பேனாவைப் புடிச்சுக்குவாங்க, மத்தவங்க பின்னாடி நின்னு எட்டிப் பாப்பாங்க. தரையில விரிச்சா எல்லாரும் குனிஞ்சுதான் ஆகணும், குழந்தைங்க உள்ளேயே ஏறி உக்காந்துடுவாங்க, அது நல்லது. பேனா கூட வேணாம், கரித்துண்டு, சாக்பீஸ், செங்கல் துண்டு போதும், எழுதிப் பழக்கம் இல்லாதவங்களுக்குப் பேனாவைக் கையில குடுத்தாலே பரீட்சை பயம் வந்துடும்.

அவங்கவங்க வீட்டை முதல்ல வரையச் சொல்லுங்க. அப்புறம் தண்ணி எங்கேர்ந்து வருது, சாக்கடை எங்க போகுது, குப்பை எங்க விழுது, புகை எங்கேர்ந்து வருது. அதுக்கு மேல காத்து எந்த மாசத்துல எந்தப் பக்கம் அடிக்குதுன்னு அம்புக்குறி போடுங்க, இதை வயசானவங்களைக் கேளுங்க, துல்லியமா சொல்வாங்க. மழை பேஞ்சா தண்ணி முதல்ல யார் வீட்டுக்குள்ள நுழையும்னு நீலத்துல அடிங்க. கடைசியா வேற கலர்ல இன்னொரு அடுக்கு: இந்த நிலம் யாரோடது, யார் வாடகைக்கு இருக்கா, எதை எங்க கட்டலாம்னு கையெழுத்துப் போடறவங்க எங்க குடியிருக்காங்க. இந்தக் கடைசி அடுக்கு வந்ததும் ரூம் கொஞ்ச நேரம் அமைதியாகும், ஏன்னா கையெழுத்துப் போடறவங்க வீடு பெரும்பாலும் அந்தப் பேப்பருக்குள்ளயே வராது, பேப்பருக்கு வெளிய தரையிலதான் சாக்பீஸால வரைய வேண்டியிருக்கும்.

மேப் முடிஞ்சதும் கடிகாரம். பெரிய வட்டம் போட்டு 24 மணி நேரமாப் பிரிச்சு, ஒரே வீட்டுல இருக்கற நாலு பேர் அந்த நாளை எப்படிக் கழிக்கறாங்கன்னு நாலு கலர்ல நிரப்புங்க. தண்ணிக்கு யார் எழுந்திரிக்கறா, பொகை அதிகமா இருக்கற நேரத்துல யார் வெளிய இருக்கா, யார் இருமற குழந்தையோட முழிச்சுக் கெடக்கா. ஏற்றத்தாழ்வு பணக்காரத் தெருவுக்கும் ஏழைத் தெருவுக்கும் நடுவுல மட்டும் இல்ல, ஒரே கூரைக்குக் கீழயும் இருக்குன்னு இந்த வட்டம் பட்டவர்த்தனமா காட்டிடும். பொம்பளைங்க நேரமும் ஆம்பளைங்க நேரமும் பக்கத்துல பக்கத்துல கலரா கிடக்கறப்ப யாரும் வாதாட முடியாது. இந்தக் கடிகாரத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க, நாடகத்துல எந்தக் காட்சி எந்த நேரத்துல நடக்கணுங்கறது இதுலேர்ந்துதான் வரும்.

கதை சேக்கறப்ப ஒரு விஷயத்துல ரொம்ப கவனமா இருங்க. ஒருத்தர் மனசு விட்டுச் சொன்னாரு அப்படிங்கறதுக்காக அதை மேடையில போட அனுமதி குடுத்துட்டாருன்னு அர்த்தம் இல்ல. தனியாக் கேளுங்க, நாள் கழிச்சு மறுபடியும் கேளுங்க, வேணாம்னு சொன்னா விட்டுடுங்க. ஆலையில வேலை பாக்கறவரோட கதையை அப்படியே போட்டா மறுநாள் அவருக்கு வேலை இருக்குமான்னு யோசிக்கணும். நாலு பேர் கதையைக் கலந்து ஒரு பாத்திரமாக்கறதுதான் பாதுகாப்பு, பேரு, வேலை, குழந்தைங்க எண்ணிக்கை எல்லாத்தையும் மாத்திடுங்க.

உடம்பை எழுப்பறது

இதுக்கப்புறம் நான் சொல்ற பல பயிற்சிகள் பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் உருவாக்கினது, இல்ல அவர் வழியா பரவுனது. 1931ல பொறந்து 2009ல இறந்தாரு, ராணுவ ஆட்சி 1971ல அவரைப் புடிச்சு சித்திரவதை பண்ணி நாட்டை விட்டே போக வச்சது. ஒடுக்கப்பட்டவர்களுக்கான நாடகம்னு அவர் வளர்த்த முறை இன்னிக்கு உலகம் முழுக்க புழக்கத்துல இருக்கு.

முதல்ல ஒரு விளையாட்டு. ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க, ஒருத்தர் உள்ளங்கையை இன்னொருத்தர் முகத்துக்கு ஒரு ஜாண் தள்ளி வைக்கணும், கை எங்க போகுதோ முகம் அதே தூரத்துல பின்னாடியே போகணும், குனியணும்னாலும் தவழணும்னாலும் சரி. அப்புறம் மாத்திக்கோங்க. அதுக்கப்புறம் ஒரே ஆள் ரெண்டு கையால ரெண்டு பேரை நடத்தட்டும். முடிஞ்சதும் உக்காந்து பேசுங்க, நடத்தறப்ப எப்படி இருந்துச்சு, நடக்கறப்ப எப்படி இருந்துச்சு, நடத்தினவர் எப்பயாவது கீழ பாத்தாரான்னு. பேச்சு தானா அவங்க வாழ்க்கைக்கு வந்துடும், நீங்க இழுக்க வேண்டாம்.

இன்னொண்ணு, ஒரு மேஜை, ஆறு நாற்காலி, ஒரு பாட்டில். ஒரே ஒரு நாற்காலிக்கு மட்டும் மத்த எல்லாத்தையும் விட அதிகாரம் இருக்கற மாதிரி அடுக்கணும், எந்தப் பொருளையும் வெளிய எடுக்கக் கூடாது. ஒருத்தர் அந்த நாற்காலியைத் தூக்கி மேஜை மேல வைப்பாரு, ஒருத்தர் தனியா தூரத்துல வச்சுட்டு மத்ததை எல்லாம் அது பக்கம் திருப்பி வைப்பாரு, ஒருத்தர் முதுகைக் காட்ட வைப்பாரு. அதிகாரம்னா உயரம் மட்டும் இல்ல, தூரம், திசை, முதுகுன்னு பல ரூபத்துல இருக்குன்னு கண்ணால பாத்துப் புரிஞ்சுக்குவாங்க. மேடையில பாத்திரங்களை எங்க நிறுத்தறதுங்கற பாடமும் இதுலயே முடிஞ்சுடும்.

அப்புறம் சிலை. பேச்சே கிடையாது. குழுவுல ஒருத்தர் மத்தவங்க உடம்பைக் களிமண் மாதிரி வளைச்சு அந்தப் பிரச்சனையை ஒரு சிலைக் கூட்டமா நிறுத்தணும். இது இப்ப இருக்கற நிலை. ரெண்டாவது சிலை, எப்படி இருக்கணும்னு ஆசைப்படறோமோ அது. மூணாவதுதான் கஷ்டம்: முதல் சிலையிலேர்ந்து ரெண்டாவதுக்குப் போற வழியில நடுவுல என்ன நடக்கணும்? முதல்ல யார் நகரணும், யார் நகர மாட்டேன்னு நிப்பாங்க? ரெண்டாவது சிலையை எல்லாரும் சீக்கிரம் செஞ்சிடுவாங்க, அதுல சிரிச்ச முகமும் கோத்த கையுமா இருக்கும், அதைச் சீக்கிரம் கடந்துடுங்க. மூணாவதுல எவ்வளவு நேரம் வேணும்னாலும் செலவு பண்ணுங்க. பிடிவாதமா நகராம நிக்கற உடம்பு எதுவோ அதுதான் உங்க நாடகத்தோட எதிர்ப்பாத்திரம்.

ஒருத்தரைத் தொட்டு வளைக்கறதுக்கு முன்னாடி தொடலாமான்னு கேக்கணும், வேணாம்னா எதிர்ல நின்னு செஞ்சு காட்டலாம், அவங்க அதைப் பாத்து நிப்பாங்க.

நாடகத்தைக் கட்டறது

ஃபோரம் தியேட்டர் வடிவம்தான் இந்த வேலைக்கு எனக்குத் தெரிஞ்சு ரொம்பப் பொருத்தம். பத்துலேர்ந்து பதினஞ்சு நிமிஷ நாடகம், மூணு நாலு காட்சி, தோல்வியில முடியணும். தீர்வை நீங்க சொல்லக் கூடாது. அதை ஆடியன்ஸ்தான் மேடைக்கு வந்து தேடணும், அதனால தேடறதுக்கு இடம் விட்டு எழுதணும்.

மையப் பாத்திரம் அழுதுகிட்டே இருக்கற பாத்திரமா இருந்தா வேலைக்கு ஆகாது. அவங்களுக்கு ஒரு குறிப்பான ஆசை இருக்கணும், அதுக்காக மூணு தடவை முயற்சி பண்ணணும், மூணு தடவையும் வேற வேற சுவத்துல முட்டணும். உதாரணத்துக்கு ஒரு குப்பைக் கிடங்கு, பக்கத்துல வீடுங்க, கிடங்கை இன்னும் பெருசாக்கப் போறாங்க. முதல் காட்சி வீடு. குழந்தை இருமுது, அம்மா ஜன்னலைச் சாத்தறாங்க, உள்ள புழுங்குது, தொறந்தா புகை, மறுபடி சாத்தறாங்க. வசனமே வேணாம், அந்த ஜன்னலைத் தொறக்கறதும் சாத்தறதும் நாலஞ்சு தடவை நடந்தா போதும். ரெண்டாவது காட்சி வேலை இடம். அவங்க வீட்டுக்காரருக்கு அந்தக் கிடங்குலதான் வேலை, மேற்பார்வையாளர் ரொம்ப அன்பா தோள்ல கை போட்டு "வீட்டுல கையெழுத்து ஏதோ வாங்கறாங்களாமே"ன்னு மட்டும் கேக்கறாரு. மிரட்டலே கிடையாது. இந்தக் காட்சியை விட்டுடாதீங்க, மாசு பண்ற இடமே சோறு போடற இடமாவும் இருக்கறதுதான் நிறைய ஊர்ல உண்மை, அதைத் தொடாத நாடகத்தை அங்க இருக்கறவங்க நம்ப மாட்டாங்க.

மூணாவது காட்சி கருத்துக் கேட்புக் கூட்டம். இதைத்தான் நீங்க நுணுக்கமா செய்யணும். கூட்டம் வேலை நாள்ல காலைல 11 மணிக்கு, அப்ப வர முடிஞ்சவங்க யாருன்னு யோசிச்சுக்கோங்க. மேஜைக்குப் பின்னாடி மூணு பேர், முன்னாடி தண்ணி பாட்டில், எதிர்ல ஜனங்களுக்கு நாற்காலி பத்தலை. முந்நூறு பக்க அறிக்கை, ஜனங்க பேசாத மொழியில, ஒரே ஒரு பிரதி, அதையும் மேஜை மேலயே வச்சு ஒருத்தர் அது மேல கையை வச்சுகிட்டு உக்காந்திருக்காரு. பேசறவங்க பேர் பதியணும், பதியற நேரம் முடிஞ்சிடுச்சு. மைக் ஒண்ணுதான், அது எப்பவும் அதிகாரி பக்கம் இருக்கற ஆள் கையில. அம்மா எழுந்திரிக்கறாங்க, "நிச்சயமா நீங்க பேசலாம்மா, உங்களுக்காகத்தானே இந்தக் கூட்டமே, இன்னும் அஞ்சு நிமிஷம்"னு உக்கார வைக்கறாங்க. மறுபடி எழுந்திரிக்கறாங்க, "குழந்தை உடம்புக்கு முடியலைன்னா டாக்டர் சர்டிபிகேட் இருக்கா?". மூணாவது தடவை எழுந்து மைக் கிட்ட கையை நீட்டறப்ப "நேரம் முடிஞ்சது, கருத்துகள் பதிவு செய்யப்பட்டன"ன்னு அறிவிப்பு. கை நீட்டினபடியே உறைஞ்சு நிக்கணும். நாடகம் அங்க முடியுது.

எதிர்ப்பாத்திரத்தை மீசையை முறுக்கற வில்லனா போடாதீங்க. அவர் மரியாதையா பேசணும், புத்திசாலியா இருக்கணும், அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கற மாதிரி தோணணும். "குப்பை எங்கயாவது போய்த்தானே ஆகணும், நீங்களே ஒரு இடம் சொல்லுங்களேன்"னு அவர் கேட்டா ஆடியன்ஸ் ஒரு நிமிஷம் தடுமாறணும். அந்த நடிகர்தான் ரொம்ப தயாராகணும், சட்டம், விதி, சாக்குப்போக்கு எல்லாம் நுனி விரல்ல இருக்கணும், ஏன்னா யார் மேடைக்கு வந்து என்ன கேட்டாலும் அவர் நெஜமான அதிகாரி மாதிரியே பதில் சொல்லணும். கூடவே ரெண்டு மூணு நடுவுல நிக்கற பாத்திரங்கள், பக்கத்து வீட்டுக்காரர், டாக்டர், பள்ளிக்கூட டீச்சர், கூட்டத்துல உக்காந்து செல்போன் பாக்கற ஒருத்தர். மாற்றம் பெரும்பாலும் இவங்க மூலமாத்தான் வரும், இவங்க இல்லன்னா மேடைக்கு வர்ற ஆளுக்கு யாரையும் சேத்துக்க வழி இருக்காது.

"நிறுத்து!"

நாடகத்தை ஒரு தடவை முழுசாப் போடுங்க. முடிஞ்சதும் நடத்தறவர், இந்த முறையில ஜோக்கர்னு சொல்வாங்க, முன்னாடி வந்து ஆடியன்ஸ் கிட்ட கேக்கணும்: இது நீங்க பாத்த விஷயமா? இந்த அம்மா வேற ஏதாவது செஞ்சிருக்கலாமா? திரும்ப அதே நாடகத்தைப் போடறோம், எந்த இடத்துல உங்களுக்கு வேற யோசனை தோணுதோ "நிறுத்து"ன்னு கத்துங்க, வந்து அந்த அம்மா இடத்துல நின்னு செஞ்சு காட்டுங்க. உக்காந்த இடத்துலேர்ந்து யோசனை சொன்னா "வாங்க, செஞ்சு காட்டுங்க"ன்னு மட்டும் சொல்லணும்.

இந்த வழக்கம் எப்படி வந்துச்சுங்கறதை போவாலே சொல்லியிருக்காரு. 1973ல பெரு நாட்டுல எழுத்தறிவுத் திட்டத்துல வேலை பாத்தப்ப, ஆடியன்ஸ் யோசனை சொல்லுவாங்க, நடிகருங்க அதை நடிச்சுக் காட்டுவாங்க. ஒரு பெண்மணி சொன்னதை நடிகரு எத்தனை தடவை நடிச்சும் அவங்களுக்குத் திருப்தி வரலை, கடைசியில அவங்களே மேடை ஏறி செஞ்சு காட்டிட்டாங்க. அதுலேர்ந்துதான் பாக்கறவங்களே நடிக்கற இந்த முறை பொறந்துச்சு.

முதல் ஆள் வர்றதுக்குத்தான் நேரம் ஆகும், காத்திருங்க, மௌனத்தை நிரப்ப நீங்க பேச ஆரம்பிக்காதீங்க. முதல் ஆள் பெரும்பாலும் கோபமாக் கத்துவாரு, மைக்கைப் புடுங்குவாரு. விடுங்க, நடிகருங்க நெஜத்துல நடக்கற மாதிரியே பதில் குடுக்கட்டும், ஆளை வெளிய கூட்டிட்டுப் போகட்டும். அடுத்து ஒருத்தர் வந்து மைக்கே வேணாம்னு நாற்காலியைத் திருப்பி ஜனங்களைப் பாத்துப் பேசுவாரு. ஒருத்தர் அந்த முந்நூறு பக்க அறிக்கையை எடுத்து "முதல் பக்கத்தை எங்க மொழியில படிச்சுக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்"னு நிப்பாங்க. ஒருத்தர் மூணாவது காட்சியைத் தொடவே மாட்டாங்க, முதல் காட்சிக்கே போய் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவாங்க, தனியா அந்தக் கூட்டத்துக்குப் போனதுதான் தப்புன்னு அவங்க சொல்லாமலே எல்லாருக்கும் புரியும்.

ஒவ்வொருத்தர் முடிச்சதும் ஜோக்கர் கேக்க வேண்டியது மூணு கேள்வி. இது நெஜத்துல நடக்குமா? இதுனால என்ன கிடைச்சுச்சு? இதுக்கு அந்த அம்மா குடுக்கற விலை என்ன? நல்லா பண்ணீங்க, தப்பாப் பண்ணீங்கன்னு தீர்ப்பு சொல்லவே கூடாது. திடீர்னு லாட்டரி விழுந்துச்சு, அமைச்சர் போன் பண்ணாருன்னு யாராவது கொண்டுவந்தா அது மேஜிக்கான்னு ஆடியன்ஸையே கேட்டுடுங்க, அவங்க சொல்லிடுவாங்க. எதிர்ப்பாத்திரத்தை மாத்த ஆரம்பத்துல அனுமதிக்காதீங்க, அதிகாரி நல்லவரா மாறிட்டா பிரச்சனை தீந்துடும்தான், ஆனா அது நம்ம கையில இல்லாத விஷயம். ஒருத்தர் ஓரமா நின்னு வர்ற யோசனை ஒவ்வொண்ணையும் பெரிய எழுத்துல எழுதி ஒட்டிட்டே இருக்கட்டும்.

இந்தப் பேப்பர்தான் அப்புறம் பெரிய சொத்து. போவால் 1993லேர்ந்து 1996 வரைக்கும் ரியோ டி ஜெனிரோ நகரமன்ற உறுப்பினரா இருந்தப்ப, இந்த மாதிரி நாடகங்கள்ல ஜனங்க மேடையில தேடின வழிகளை எடுத்து சட்ட வரைவா எழுதி மன்றத்துல வச்சாரு, அதுல 13 சட்டமாவும் ஆச்சு. நம்ம கிட்ட ஒரு பதவியும் இல்லன்னாலும் அதே வேலையைச் சின்ன அளவுல பண்ணலாம். அறிக்கையை மக்கள் மொழியில குடுக்கணும், கூட்டத்தைச் சாயங்காலம் வைக்கணும்னு வந்த யோசனைகளை மனுவா எழுதி அங்கேயே கையெழுத்து வாங்கிடலாம், சூடு ஆறினதுக்கப்புறம் வாங்கறது கஷ்டம்.

படமும் பொருளும்

எல்லாருக்கும் நடிக்க வராது, எல்லா ஊர்லயும் நடிக்கவும் விட மாட்டாங்க. அங்க ஓவியமும் பொருளும் பேசும்.

வெள்ளைத் துணி நான் ரொம்ப நம்பற வழி. ஒரே துணிச் சுருள்லேர்ந்து ஒரே அளவுல துண்டு துண்டா வெட்டி, ஆலை ஓரத்து வீடு, மெயின் ரோடு, பள்ளிக்கூடம், வசதியான குடியிருப்புன்னு வேற வேற இடத்துல ஒரே உயரத்துல, ஒரே நாள்ல கட்டுங்க. ஓரத்துல இடமும் தேதியும் அழியாத மையில எழுதிடுங்க. மழை படாத இடமாப் பாத்து ரெண்டு வாரமோ மூணு வாரமோ விட்டு, எல்லாத்தையும் ஒரே நாள்ல அவுத்து, துவைக்காம வரிசையாத் தொங்க விடுங்க. துணிக்குப் பக்கத்துல அந்த வீட்டுக்காரங்க கைப்பட எழுதின ஒரு வரி. இது லேப் சோதனை இல்ல, தூசி படிஞ்சதை மட்டும்தான் காட்டும், கண்ணுக்குத் தெரியாத வாயு எதையும் காட்டாது, அதை அங்கேயே பலகையில எழுதி வச்சிடுங்க, இல்லன்னா எதிர்த்தரப்பு அந்த ஒரு பாயிண்டை வச்சே மொத்தத்தையும் தள்ளிடுவாங்க.

கோடு போடறதும் பெரிய விஷயம். 2007ல ஈவ் மோஷர்ங்கற கலைஞர் நியூயார்க்ல கடல் மட்டத்துக்கு 10 அடி உயரத்துல வர்ற எல்லையை, விளையாட்டு மைதானத்துல கோடு போடற மெஷினை வச்சு, தெருத் தெருவா சாக்பீஸ் பொடியால நீலக் கோடா போட்டுட்டே நடந்தாங்க, கிட்டத்தட்ட 70 மைல். கோடு அழிஞ்சிடும், ஆனா என்ன பண்றீங்கன்னு வந்து கேட்ட ஒவ்வொருத்தர் கிட்டயும் பேசினாங்கல்ல, வேலையே அந்தப் பேச்சுதான். போன வெள்ளத்துல தண்ணி எவ்வளவு உயரம் வந்துச்சுன்னு வீட்டுச் சுவத்துல அவங்களையே குறிச்சுக் காட்டச் சொல்லி, அனுமதியோட அந்தக் கோடுகளை ஒரே கலர்ல இணைச்சுப் பாருங்க, மேட்டுத் தெருவுல அந்தக் கோடு இல்லாம நின்னு போற இடம் தானா கேள்வி கேக்கும்.

இதுக்கெல்லாம் முன்னோடின்னு நான் நினைக்கறது மியர்ல் லேடர்மன் யூகலஸ்ங்கற கலைஞர் பண்ணின வேலையை. 1979ல ஆரம்பிச்சு 1980 வரைக்கும் நியூயார்க் நகரத்தோட துப்புரவுத் தொழிலாளர்கள் சுமார் 8,500 பேரையும் நேர்ல போய்ப் பாத்து, ஒவ்வொருத்தர் கையையும் குலுக்கி, நகரத்தை உயிரோட வச்சிருக்கறதுக்கு நன்றின்னு சொன்னாங்க. அவ்வளவுதான் கலைப்படைப்பு. ஜனங்க கிட்ட வாங்கற வசவையும் அவமானத்தையும் தொழிலாளர்கள் அவங்க கிட்டச் சொன்னாங்க. அழுக்கைப் பத்திப் பேசறப்ப அழுக்கை அள்ளற கைகளைப் பத்திப் பேசாம போனா அந்தக் கலை பாதியிலயே நின்னுடும்னு எனக்குத் தோணுது.

ஒரு எச்சரிக்கை. நெஜமான கழிவை மேடைக்கோ கண்காட்சிக்கோ கொண்டு வராதீங்க. ஆலைச் சாம்பலைக் கரைச்சு பெயிண்டாக்கறது, கழிவுத் தண்ணியில குழந்தைங்களை வச்சு படம் வரையறது எல்லாம் போட்டோவுக்கு நல்லா இருக்கும், உடம்புக்கு ஆபத்து. தண்ணியைக் காட்டணும்னா மூடி சீல் வச்ச கண்ணாடி பாட்டில்ல, இடம் தேதி ஒட்டி வைங்க.

எங்க, எப்போ, யார் தைரியத்துல

நேரத்தை கடிகாரப் படத்துலேர்ந்து எடுங்க. வேலை முடிஞ்சு வர்றவங்க, வீட்டு வேலை முடிக்கறவங்க ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற நேரம் எதுன்னு அதுல இருக்கும். மேடை வேணாம், வட்டமா நிக்க வச்சா போதும், மேடை உயரமா இருந்தா யாரும் ஏறி வர மாட்டாங்க. சக்கர நாற்காலி வர்ற வழி, வயசானவங்க உக்கார இடம், குழந்தைங்களைப் பாத்துக்க ஒரு ஆள். கூட்டம் அம்பது அறுபது பேரைத் தாண்டாம பாத்துக்கோங்க, அதுக்கு மேல போனா "நிறுத்து"ன்னு சொல்ல எல்லாருக்கும் கூச்சம் வந்துடும்.

ஆபத்தைப் பத்தி நேரா பேசிடணும். டெல்லி பக்கத்துல சாஹிபாபாத்ல 1989 ஜனவரி 1ஆம் தேதி தொழிலாளர் பகுதியில தெரு நாடகம் போட்டுகிட்டு இருந்தப்ப ஜன நாட்டிய மஞ்ச் குழு மேல தாக்குதல் நடந்துச்சு, அதுல அடிபட்ட அந்தக் குழுவோட நாடகக்காரர் சப்தர் ஹாஷ்மி மறுநாள் இறந்து போனாரு. ஜனவரி 4ஆம் தேதி அவர் மனைவி மொலயஸ்ரீ குழுவோட அதே இடத்துக்குப் போய் பாதியில நின்ன நாடகத்தை முழுசா நடிச்சு முடிச்சாங்க. அந்தத் தைரியத்துக்கு நான் தலைவணங்கறேன், ஆனா அதை இன்னொருத்தர் மேல திணிக்கற உரிமை நமக்கு இல்ல. போவாலோட குழு ஆரம்ப காலத்துல பிரேசில்ல விவசாயிங்க முன்னாடி துப்பாக்கியைத் தூக்கி, மண்ணுக்காக ரத்தம் சிந்துவோம்னு ஒரு நாடகம் போட்டாங்க. பாத்த ஒரு விவசாயி உணர்ச்சிவசப்பட்டு "வாங்க, போய் நிலத்தை மீட்போம், உங்க துப்பாக்கியையும் எடுத்துட்டு வாங்க"ன்னு கூப்பிட்டாரு. துப்பாக்கி மரத்துல செஞ்சது, சண்டைக்குப் போகவும் நடிகருங்க தயாரா இல்ல. நம்ம செய்யாததை அடுத்தவங்களைச் செய்யச் சொல்லக் கூடாதுங்கறதை அன்னிக்குக் கத்துகிட்டதா போவாலே எழுதியிருக்காரு.

அதனால போடறதுக்கு முன்னாடி குழுவா உக்காந்து முடிவு பண்ணுங்க: பெர்மிஷன் யார் வாங்கறா, யாராவது வந்து தடுத்தா யார் பேசறா, யார் குழந்தைங்களைக் கூட்டிட்டு நகர்றா, எந்த வக்கீல் நம்பர் கையில இருக்கு. உள்ளூர்ல வாழறவங்களுக்கு ஆபத்துன்னா அந்தப் பாத்திரத்தை வெளியிலேர்ந்து வந்தவங்க நடிக்கலாம், இல்ல முகமூடி போட்டுக்கலாம். போட்டோ, வீடியோ யார் முகம் வரலாம், யார் முகம் வரக் கூடாதுன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, இன்டர்நெட்ல ஒரு தடவை போனா திரும்ப எடுக்க முடியாது.

நாடகம் முடிஞ்சதும் உடனே பெட்டியைக் கட்டாதீங்க. மேடை ஏறினவங்கள்ல சிலர் தன் சொந்தக் கதையைத்தான் செஞ்சு காட்டியிருப்பாங்க, அவங்க கூட உக்காந்து பேச ஒரு ஆளைத் தனியா வச்சுக்கோங்க. மேப்பும் கடிகாரமும் துணியும் அந்த ஜனங்க கிட்டயே இருக்கணும், நீங்க எங்கயாவது காட்டணும்னா அவங்க கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போய் திருப்பிக் குடுங்க, அதுக்கு ஏதாவது பணம் வந்தா அதுல அவங்களுக்குப் பங்கு குடுங்க. ரெண்டு மூணு மாசம் கழிச்சு மறுபடியும் போங்க. ஒட்டி வச்ச யோசனைப் பேப்பரை எடுத்துகிட்டு போய், இதுல எதையாவது யாராவது செஞ்சு பாத்தீங்களா, அதுக்கு அவங்க என்ன பதில் சொன்னாங்கன்னு கேளுங்க. வர்ற பதிலை வச்சு எதிர்ப்பாத்திரத்தோட வசனத்தை மாத்தி எழுதிட்டு, அடுத்த தடவை அந்த அம்மா பாத்திரத்தை அந்தத் தெருக்காரங்கள்லயே ஒருத்தர் நடிக்கற மாதிரி ரிஹர்சலை ஆரம்பிங்க.